ஒன்லி ஆக்டிங்

ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் குமாரசாமி அங்கிள் நடத்திய மோட்டலில் நான் நைட் டெஸ்க் பார்த்தேன். எம்.எஸ். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு வேறு யாரும் வேலை தரவில்லை.

கடைசி அறையில் ஜெனரல் இருந்தார். அவருடையது கடலோரத்துச் சின்ன நாடு. அதிபர் விமானம் ஏறி ஓடிய வாரத்தில் இவர்தான் அங்கே தற்காலிக அதிபர். அடுத்த ஆள் வந்ததும் இவரும் விமானம் ஏறினார். தினமும் என் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டை கட்டிக்கொண்டு காபிக்கு வருவார். ஆங்கிலத்தில் பேசுவார், கொஞ்சமாக.

தொண்ணூற்றாறில் அங்கே ஆட்சி மாறியது. முன்னாள் அதிபர்களின் படங்களை மாளிகையில் மாட்டப்போவதாகச் செய்தி வந்தது. இவரைச் சேர்ப்பதா என்று முடிவாகவில்லை, தூதரகத்திலிருந்து போன் வரும் என்றார்கள். மாலில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போய்ப் பழைய சீருடையில் படம் எடுத்துக்கொண்டு வந்தார். சீருடை தொளதொளவென்றிருந்தது.

அவருடைய மகள் அந்த நாட்டிலேயே இருந்தாள். இவரோடு பேசுவதில்லை.

"சுவரில் இருந்தால் என்றாவது அவள் என் முகத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்" என்றார்.

போன் வந்த காலையில் அவர் துணி துவைக்கப் போயிருந்தார். அங்கிள் எடுத்தார். ஜெனரலின் கதையை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

"நோ நோ சார். ஒன்லி ஆக்டிங். யெஸ் சார், ஷ்யூர். ஃபுல் ஆக்டிங்."

நான் கிட்டே போவதற்குள் வைத்துவிட்டார்.

"யாரு அங்கிள்?"

"எம்பசியாம். இவுரு ரியல் பிரசிடெண்டா, ஆக்டிங்கான்னு கேட்டான். ஆக்டிங்தானுங்கன்னு சொல்லிப்போட்டேன். அப்ப படம் வேண்டாம்னு வெச்சுட்டான். நமக்கெதுக்குக் கண்ணு வம்பு?"

டவல் மடித்துக்கொண்டிருந்த வசந்தாமணி ஆன்ட்டி நிமிர்ந்தார்.

"ஏனுங்க, ஆக்டிங்னா நடிக்கறதுன்னு நெனச்சீங்களா? ஊர்ல ஆக்டிங் டிரைவர்னு கூப்புடுவீங்களே, அதுங்க. நம்ம டிரைவர் லீவு போட்டா வருவானே."

அங்கிள் என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தாளு நெசமாலுமே பிரசிடெண்டா?"

"நெசந்தான் அங்கிள்."

துணிப் பையோடு ஜெனரல் உள்ளே வந்தபோது அங்கிள் எழுந்து நின்றார். அவருக்காக அங்கிள் எழுந்தது அதுதான் முதல் தடவை. நடந்ததை நான் சொன்னேன். அங்கிள் போனைக் கையில் எடுத்தார்.

"ஐ கால் அகெய்ன் சார். மை மிஸ்டேக்."

ஜெனரல் பையைக் கீழே வைக்கவில்லை. ஆக்டிங் டிரைவர் என்றால் என்ன என்று கேட்டார். ஒருநாள், இரண்டுநாள் ஓட்ட வருபவன் என்றேன்.

"எந்த வழியில் போவது என்று அவன் முடிவு செய்வானா?"

"இல்லை. ஓனர் சொல்கிற வழிதான்."

தலையசைத்தார்.

"அந்த வாரம் நான் போட்டது ஒரே உத்தரவு. சதுக்கத்தில் நிற்கும் படை திரும்பி வர வேண்டும் என்று. யாரும் திரும்பவில்லை. சுட்டார்கள். கூட்டத்தில் என் மகளின் கணவன் இருந்தான்."

ஜெனரல் அங்கிளின் பக்கம் திரும்பினார்.

"போன் செய்ய வேண்டாம். இவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்."

காபி இருக்கிறதா என்று கேட்டார். அடியில் கொஞ்சம் இருந்தது. சூட்டிலேயே கிடந்து கசந்துபோயிருந்தது. நின்றபடியே குடித்துவிட்டுப் பையோடு அறைக்குப் போனார். சீருடையையும் அன்றுதான் துவைத்திருந்தார்.