மீத்தியில் உப்பு குறைந்த வருஷம்

கட்டின புருஷனை நம்பி ஓர் ஆற்றையே எடைபோட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மீத்தி என்றால் இந்தியில் இனிப்பு. அந்தப் பெயரில் ஓர் ஆறு மும்பையில் தாராவியை ஒட்டிப் போய் மாஹிமில் கடலில் விழுகிறது. அதில் இனிப்பைத் தவிர மற்ற எல்லாம் உண்டு. செம்பூரில் இருக்கிறது எங்கள் ஆராய்ச்சி நிலையம். மாதம் ஒருமுறை, அமாவாசையன்று, தாராவிப் பாலத்தடியில் தண்ணீர் பிடித்துவருவது என் புருஷன் பஞ்சுவின் வேலை. அதில் உப்பு எத்தனை, வருஷா வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை.

இருபத்தைந்து வருஷத்து அளவுகளையும் போட்டுப் பார்த்தேன். 2012 வரை உப்பு ஒரே மட்டம். அந்த வருஷம் தடாலென்று இறங்கியது, பிறகு ஏறவே இல்லை. டைரக்டர் பிரம்மநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வருஷம்தான் அவர் ஆற்றைக் காப்பாற்ற ஏதோ யோசனை எழுதிக் கொடுத்தாராம். "நம்ம யோசனையிலதாம்மா ஆறு தேறியிருக்கு. ஆய்வுக்கு வர்ற டெல்லிக் குழு முன்னால நீங்களே சொல்லுங்க. சீனியர் போஸ்ட் ஒங்களுக்குத்தான்" என்றார். தலை நரைத்த பிறகும் ஜூனியர் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

குழு வருகிற நாள் அமாவாசையாகப் போயிற்று. மாட்டுங்கா வீட்டு ஹாலில் பஞ்சு எள்ளும் தண்ணீரும் இறைத்துத் தர்ப்பணம் முடித்து எழுந்தார். நான் பட்டுப்புடவையில் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"ஏன்னா, பாலத்துக்குப் போய் சாம்பிள் எடுத்துண்டு நேரா மீட்டிங்குக்கு வந்துடுங்கோ."

"நன்னாருக்கு. தர்ப்பணம் பண்ணின கையால அந்தச் சாக்கடையைத் தொடுவாளோ?"

"அப்போ மாசா மாசம் என்ன பண்றேள்?"

"அப்பா போனதுலேர்ந்து அமாவாசைக்குக் கிடையாது. மறுநாள் பிரதமை, ஆகாது. நடுவுல ஏதாவது ஒண்ணு வந்துடும், அஷ்டமி நவமியும் ஆகாது. தசமிக்கு எடுத்துடறேன். தோஷமே இல்லாத நாள்."

மாமனார் காலமானது 2012-ல்.

அமாவாசைக்குக் கடல் பொங்கி ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறும். உப்பு உச்சத்தில் இருக்கும். தசமிக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், உப்பும் குறையும். ஆறு திருந்தவும் இல்லை, தேறவும் இல்லை. எங்கள் வீட்டில் திதி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"பாட்டில் மேல தேதி போட்டுத்தானே தரேன். நீ மாசத்தை மட்டும் பார்த்தா நான் என்ன பண்ணட்டும்?"

அவரையும் இழுத்துக்கொண்டு போய் டாக்சியில் ஏறினேன்.

டாக்சியில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "சொல்லாதேயேன். யாருக்குத் தெரியப் போறது? போஸ்ட் வரட்டும்" என்றார். சயான் சிக்னல் வரைக்கும் நானும் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். ஆறு தேறிவிட்டது என்று நான் சொன்னால் இனி எவன் அதைத் திரும்பிப் பார்ப்பான்? எரிச்சலாக வந்தது. பஞ்சுவின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

மீட்டிங்கில் திரையில் கோடு விழுந்தது. டைரக்டர் கோடு இறங்கிய இடத்தைக் காட்டி, பெருமையாக ஆங்கிலத்தில் கேட்டார்: அந்த வருஷம் அப்படி என்ன நடந்தது?

"என் மாமனார் காலமானார்" என்றேன்.

குழுவில் இரண்டு பேர் மரியாதையாகத் தலை குனிந்தார்கள். டைரக்டர் என் பக்கம் சாய்ந்து, டெல்லிக்காரர்களுக்குப் புரியாதபடி தமிழில், "பாவந்தாம்மா. ஆனா நான் ஆத்துல என்ன நடந்துச்சின்னுல்லா கேக்கேன்" என்றார்.

"அதைத்தான் சார் சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அமாவாசை, பிரதமை, தசமி என்று ஒன்றையும் விடவில்லை. குழுத் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணக்கைப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். டைரக்டர் சிரிக்கவில்லை. "நல்லா இருந்த ஆத்தக் கெடுத்துட்டியளேம்மா" என்றார். "போஸ்ட்ட அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பஞ்சுவை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று திரும்பினேன்.

பின்வரிசையில் இருந்தவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். கோடு சரிகிற இடத்தில் விரலை வைத்தார்.

"இதுவா அப்பா?"

"ஆமாம்."

மாமனார் போன அன்று வாத்தியாருக்கும் வண்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தார் இந்த மனுஷர். ஒரு சொட்டு கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை.

"இத்தனை பள்ளமாடி" என்றார். குரல் உடைந்துவிட்டது.

அத்தனை கோபமும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. டீ முடிந்து, புரொஜெக்டரை அணைக்க ஆள் வந்தார். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.