லட்சத்தில் நான்கு முறை

மூன்று நாளாக ஓடிய சோதனை முடிந்தபோது சுனிதா தன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் ஓடும் குழாயில் காற்றுக்குமிழி தென்பட்டால், உள்ளே இருக்கும் சிப் உடனே குழாயை நெரித்து அடைக்கும் கிளாம்பை மூட வேண்டும். அதற்கான நிரலை எழுதியவள் அவள்தான். லட்சம் முறை ஓட்டிப் பார்த்ததில் சராசரி நேரம் நன்றாகவே இருந்தது. நான்கு முறை மட்டும், பம்ப்பின் வேகத்தைத் திருத்தும் வேலையும் அதே சிப்புக்கு அதே கணத்தில் வந்து சேர்ந்ததால், கிளாம்ப் மூட ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தது. சோற்றை மூடி வைத்துவிட்டு மேலாளர் ரவிக்குமாரிடம் போனாள்.

"சராசரி சூப்பரா இருக்கே. அத ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போடுங்க" என்றார் அவர்.

"ஒரு செகண்டுல குமிழி உடம்புக்குள்ள போயிடும் சார்."

"வேற சிப் போட்டா மூணு மாசம் ஆகும். ஆஸ்பத்திரிக்கு டேட் குடுத்தாச்சு. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அறிக்கையை இரண்டு முறை கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. ரவிக்குமார் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பக்கத்து மேசை ஆஷ்லி காபிக்குக் கூப்பிடுவதை விட்டான். போகப்போக அவளே கணக்குப் போட ஆரம்பித்தாள். குமிழி வருவதே அபூர்வம். வந்தாலும் லட்சத்தில் நான்கு. புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் கூடக்கூட மனம் லேசானது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டாள். அந்த நான்கு முறை முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனது.

முதல் இயந்திரத்தைப் பொருத்த அவளும் ஆஷ்லியும் அல்சூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜோகுபாளையத்து ஆட்டோ டிரைவர் சுந்தரமூர்த்தியைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து அதனோடு இணைத்தார்கள். அரை மணி நேரத்தில் அவர் தூங்கிப்போனார்.

"நீங்க செஞ்ச மெஷினாம்மா?" என்று கேட்டாள் அவர் மனைவி பாஞ்சாலி.

"ஆமாங்க."

"பழைய மெஷின்ல கண்ணே மூட மாட்டாரு. பயந்துக்கினே கெடப்பாரு. இன்னிக்கித்தான் நிம்மதியா தூங்கறாரு. நீங்க நல்லா இருக்கணும்."

சுனிதா ரத்தம் ஓடும் குழாயைப் பார்த்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தை இந்த அம்மாளிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

ஆஷ்லி பையை மாட்டிக்கொண்டான். "எல்லாம் ஓகே. டாக்ஸி வந்துடுச்சு, வா."

"நீ போ."

"இன்னும் மூணு மணி நேரம் ஓடும் சுனிதா."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பாக ஓடும் குழாயின் இரண்டு பக்கமும், தொட்டும் தொடாமலும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக்கொண்டாள்.