எவரிஸ்தோவின் நேர்த்திக்கடன்

எவரிஸ்தோ ஞூரிந்தாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, அவர் திருவிழா ஆட்டத்துக்குப் போடும் முகமூடி சுவர் ஆணியிலிருந்து கழன்று, அவர் நின்றால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் மிதக்க ஆரம்பித்தது. கம்பிவலையில் செய்து, ரோஜாக் கன்னமும் நீலக் கண்ணும் தீட்டிய முகமூடி. எங்கள் லா கார்ப்பியோ குடியிருப்பில் யாரும் அலறவில்லை. தகரக் கூரையை உரசுகிற மாதிரி விமானம் போகிற இடம் இது. தலைக்குமேல் எது போனாலும் எங்களுக்குப் பழகிவிட்டது. மகள் அசுசேனா மட்டும் இஸ்திரி போடும்போது, "தள்ளி நில்லுப்பா, சூடு பட்டுடும்" என்று அதட்டுவாள். அதுவும் தள்ளி நிற்கும்.

அவளுடைய கவலை வேறு. எங்கள் சொந்த ஊரான மசாயாவில் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து நீலம் பாரித்துவிட்டாள். மருந்தில்லாமல் குணமாக்கும் வைத்தியர் என்று நாங்கள் கும்பிடும் புனிதர் சான் ஹெரோனிமோவிடம் ஓடினார் எவரிஸ்தோ. 'நான் உயிரோடு இருக்கிறவரை உன் செப்டம்பர் திருவிழாவில் ஆடுகிறேன்' என்றுதான் எங்கள் ஆட்கள் வேண்டிக்கொள்வார்கள். பதற்றத்தில் மனுஷன், 'இவள் உயிரோடு இருக்கிறவரை' என்று மாற்றிச் சொல்லிவிட்டார். புனிதர் கேட்டது கேட்டதுதான். நாட்டில் உள்நாட்டுச் சண்டை வந்து, எல்லை தாண்டி, கோஸ்தாரிக்காவுக்கு வந்து கொத்து வேலை பார்த்தும், ஒரு செப்டம்பர்கூட அவர் ஆடாமல் விட்டதில்லை. இப்போது அவர் இல்லை, மகள் இருக்கிறாள். இந்தத் திருவிழாவில் யாரும் ஆடாவிட்டால் அவள் உயிருக்குப் பொறுப்பு யார்? ஜூலையிலேயே அவள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி இரண்டு தரம் நழுவியது. பயந்துதான் போனாள், பாவம்.

தம்பி எர்விங் வேறு சபைக்குப் போனவன். சிலைக்கு முன்னால் ஆடமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஆட்டக்குழுத் தலைவர் புளூத்தார்க்கோ, முடிதிருத்துகிறவர், நானே ஆடுகிறேன் என்று அசுசேனா போய்க் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சிரித்தார்.

"ஆம்பளைங்க பாவாடை கட்டி ஆடுற ஆட்டம்மா இது. நீ பாவாடை கட்டினா அதுல என்ன வேஷம் இருக்கு?"

"ஆம்பளை மாதிரி நடந்து வந்து, அப்புறம் கட்டிக்கிறேன் அண்ணே."

"உங்கப்பன் கேட்டா என்னைக் கொன்னுடுவான்."

"உங்க பின்னாடிதான் நிக்கிறாரு. கேட்டுக்குங்களேன்."

புளூத்தார்க்கோ எதிரே இருந்த கண்ணாடியில், தன் பின்னால் மிதந்த முகமூடியைப் பார்த்தார். பிறகு, பாதி வெட்டிய தலையை மீண்டும் வெட்ட ஆரம்பித்தார். முடியாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

திருவிழா ஞாயிறு மழை. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். அசுசேனா அப்பாவின் பாவாடையை இடுப்பில் பிடித்துத் தைத்து, அவருடைய சப்பாத்தில் பஞ்சு அடைத்து வந்து நின்றாள். முகமூடி மெல்ல இறங்கி அவள் முகத்தில் உட்கார்ந்தது. ஜோடிக்கு ஆள் குறைந்ததால் புளூத்தார்க்கோவே அவளுக்கு எதிரே நின்றார். வேஷத்துக்குள் யார் என்று கூட்டம் கத்தும். சரியாகச் சொல்லிவிட்டால் ஆடுகிறவர் குனிய வேண்டும். எங்களுக்கு ஆட்டத்தைவிட அதுதான் குஷி.

"பேக்கரி சலோமோன்!" என்றார்கள். அவள் குனியவில்லை. அப்போது வாழையிலையில் வேகவைத்த சோளமாவு நாக்கதமால் விற்கும் எர்மினியா கரண்டியை ஓங்கினாள்.

"அட கண்ணவிஞ்ச பசங்களா! எவரிஸ்தோடா! திரும்புறப்போ எதிராளி காலை மிதிக்கிற கிறுக்கன் வேற யாரு?"

புளூத்தார்க்கோ நொண்டிக்கொண்டிருந்தார். மிதித்தது அசுசேனாவுக்கே தெரியாது. அவள் குனிந்தாள். கை நடுங்கவில்லை.

ஆட்டம் முடிந்து புனிதர் முன்னால் எல்லோரும் முகமூடியைக் கழற்றினார்கள். அவளும் கழற்றி, காற்றில் விட்டாள். அது மிதக்கவில்லை, தொப்பென்று விழுந்தது. அடக்கத்தன்றுகூட அழாதவள், அதைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார்ந்து, "அப்பா, அப்பா" என்று ஓவென்று அழுதாள்.

புளூத்தார்க்கோ கால் விரலைத் தேய்த்துக்கொண்டே அருகில் குந்தினார். "அழாத தாயி. கடன் கைமாறிடுச்சு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் மெதுவா மிதி."

இன்றைக்கும் அவள் ஆடுகிறாள். "எவரிஸ்தோ!" என்று தெருவே கத்துகிறது. அவள் குனிகிறாள். சரியான பெயரைச் சொன்னால் குனிய வேண்டியதுதானே.