இரண்டு தடவை போதும்

ஊரில் அவருக்கு ஆணியார் என்று பெயர். ஆறாவது முறையாக அவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானபோது, "அடிச்ச ஆணி மாதிரி உக்காந்துட்டாரு, பிடுங்கினா சுவரோடதான் வரும்" என்று முடிதிருத்தும் கடையில் யாரோ சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 'ஆர்' விகுதியை மரியாதைக்காக ஊரே சேர்த்துக்கொண்டது.

அந்த வருடம் நாடு முழுக்க ஒரே பேச்சு. ஒரு ஆள் இரண்டு தடவைக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கலாமா, கூடாதா? பேருந்தில் இதே வாக்குவாதம். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர்கள்கூட விரலைக் காட்டிக் கருத்துச் சொன்னார்கள். நகர மண்டபத்தில் பொது விவாதம் என்று சுவரொட்டி ஒட்டி, ஆணியாரையும் பேசக் கூப்பிட்டார்கள்.

அப்போது நாடாளுமன்றத்துக்கு விடுமுறை. ஆணியார் வீட்டில் இருந்தார். அதாவது, அவர் மனைவி கடைத்தெருவில் நடத்திவந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தார். ஒரு பெண் ஃப்ரேமைக் கையில் எடுத்து, "இது எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டால், "இந்தக் கேள்விக்கு இரண்டு பகுதியா பதில் சொல்றேன்" என்று தொடங்கிவிடுவார். மனைவி உள்ளே போய் வேறொருவருக்குக் கண் பரிசோதனை முடித்து வரும்போதும் முதல் பகுதியே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நிற்கும். வீட்டிலோ, சாப்பாட்டு மேசையில் கேள்வி நேரம் வைத்திருந்தார். உப்புக் குறைவு பற்றித் துணைக்கேள்வியும் உண்டு.

விவாதத்துக்கு முதல் நாள் அவருடைய செயலாளர் கவலையோடு வந்தார்.

"எதிர்த்துப் பேசினா கூச்சல் போடுவாங்க சார்."

"யாரு எதிர்க்கப்போறா? நான் ஆதரிச்சுப் பேசப்போறேன்" என்றார் ஆணியார். "இரண்டு தடவை போதும், அடுத்த தேர்தல்ல நான் நிக்கலைன்னு சொல்லிடுவேன். ஜனங்க எழுந்து, நீங்க மட்டும் போகக்கூடாதுன்னு அழுவாங்க. அப்புறம் மனசே இல்லாம ஒத்துக்குவேன்."

"அழலைன்னா சார்?"

"ஆறு தடவை ஓட்டுப் போட்டவங்க, ஒரு தடவை அழமாட்டாங்களா?"

மண்டபம் நிரம்பி வழிந்தது. வானொலி அறிவிப்பாளர் ஒருவர் விவாதத்தை நடத்தினார். ஆணியார் எழுந்தார், பேசினார், நன்றாகவே பேசினார். "புதுத் தண்ணி வரணும்னா பழைய தண்ணி போகணும். அடுத்த தேர்தல்ல நான் நிக்கலை" என்று முடித்து, கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் எல்லாரும் எழுந்தார்கள். அழத்தான் எழுகிறார்கள் என்று நினைத்தார் ஆணியார். கைதட்டினார்கள். கூரை அதிர, ஓயாமல் தட்டினார்கள். முன்வரிசையில் முதல் ஆளாக அழுவதற்கென்று உட்கார வைத்திருந்த செயலாளரும், கூட்டத்தோடு கூட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆணியார் மறுபடி மைக்கைப் பிடித்தார். "உங்க வருத்தம் எனக்குப் புரியுது..."

"பரவாயில்லை சார், நாங்க தாங்கிக்குவோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கியதும், "எதிர்த்துப் பேச யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் அறிவிப்பாளர். கடைசி வரிசையில் ஒரே ஒரு கை உயர்ந்தது. ஆணியாரின் மனைவி.

"நான் இதை எதிர்க்கிறேன்" என்றார் அவர், மைக்கை வாங்கி. "உறுப்பினர்களை வெளிய அனுப்பறதப் பத்தி எல்லாரும் பேசினீங்க. வெளிய வந்தா அவங்க எங்க போவாங்கன்னு யாராவது யோசிச்சீங்களா? வீட்டுக்கு வருவாங்க. இத்தனை வருஷம் ஒரு தொகுதியே சேர்ந்து தாங்கினதை, இனிமே நான் ஒருத்தியா தாங்கணும். இது நியாயமா?"

அறிவிப்பாளர் சிரிப்பை அடக்கக் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கை உயர்த்தச் சொன்னார். மண்டபமே கால வரம்புக்கு ஆதரவு. ஆணியாரும் வேறு வழியில்லாமல் ஆதரவாகவே கையைத் தூக்கினார். எதிர்த்தது ஒரு கைதான்.

திரும்பும்போது மனைவிதான் கார் ஓட்டினார். ஆணியார் வெகுதூரம் வாய் திறக்கவில்லை. அதுவே ஒரு புதுமை.

"ஒருத்தர்கூட அழலையே" என்றார் கடைசியில்.

"அழலை. ஆனா கல்லெறியவும் இல்லையே."

"நீயாவது எனக்காகக் கை தூக்கினியே."

"நான் எனக்காகத் தூக்கினேங்க."

ஆணியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து மனைவி பதறி வண்டியை ஓரங்கட்டினார். பார்த்தால், மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மறுநாள், "என் பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது" என்று ஓர் அறிக்கையைச் செயலாளர் எழுதி வந்தார். ஆணியார் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எத்தனையோ வாக்குக் குடுத்திருக்கேன்பா. எல்லாம் காத்தோட போச்சு. இது ஒண்ணாவது நிக்கட்டும்" என்று சொல்லி, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொன்னபடியே அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. ஒரு இளம் பல் மருத்துவர் வென்றார். ஆணியார் கண்ணாடிக் கடையில் முழுநேரமாக உட்கார்ந்தார். வாடிக்கையாளர்கள் அடுத்த தெருக் கடைக்கு மெல்ல நகர ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையே அந்தக் கால வரம்புச் சட்டம் என்ன ஆனதென்றால், அதை ஆராய நாடாளுமன்றம் ஒரு குழு போட்டது. அதன் காலத்தை நீட்டித்தார்கள். நீட்டித்ததை மறுபடி நீட்டித்தார்கள். குழுத் தலைவர் வயதாகி விலகினார். புதிய தலைவராக, பதவியாசை இல்லாத, அனுபவமுள்ள ஒருவர் வேண்டுமென்று தேடினார்கள். தானாக நாற்காலியை விட்டுக் கொடுத்த ஆள் நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார்.

தலைநகரிலிருந்து வந்த தொலைபேசியை மனைவிதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "இந்தப் பதவி எத்தனை காலத்துக்கு?" என்றார்.

"அதுக்கு வரம்பு எதுவும் இல்லைங்கம்மா."

"கொஞ்சம் இருங்க" என்று அவர் கணவரிடம் தொலைபேசியைக் கொடுத்தார். ஆணியார் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள், மனைவி பரண்மேலிருந்து அவருடைய பயணப் பெட்டியை இறக்க நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்.