நான்காவது கொக்கி

என் அக்காள் கணவர் டார்வின் கெஸ்லரின் வீட்டுக் கூடத்தில் நான்கு கொக்கிகள் உண்டு. மூன்றில் மட்டும் துப்பாக்கி தொங்கியது.

இரண்டாம் உலகப் போரின்போது கார்பைன் என்னும் குட்டைத் துப்பாக்கியை ஒரே மாதிரியாகப் பல கம்பெனிகள் எங்கள் அமெரிக்கப் படைக்குச் செய்துகொடுத்தன. அதுவரை துப்பாக்கியே செய்திராத நான்கு கம்பெனிகளின் பெயர் பொறித்தவற்றை டார்வின் தேடினார். தட்டச்சுப்பொறி, கணக்குப்பொறி, தபால் முத்திரைப்பொறி செய்தவர்களுடையவை கிடைத்துவிட்டன. காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி செய்த ராக்-ஓலாவின் துப்பாக்கி மட்டும் பதினோரு வருடமாகச் சிக்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரிதான் சுடும். ஆனால் ராக்-ஓலா கொஞ்சமாகத்தான் செய்தது. அந்தப் பெயருக்கே தனி விலை.

என் அக்காள் லோர்னாவின் சட்டம்: ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும்.

சென்ற சனிக்கிழமை ஒஹாயோ கண்காட்சித் திடலில் துப்பாக்கிச் சந்தை. ஓப்பல் ரென்னர் அம்மாளின் மேசையில் ஒரு ராக்-ஓலா இருப்பதாகத் தகவல். அதற்கு மாற்றாக, மாட்டுக்கொட்டகையில் தீனி திருட வரும் ரக்கூன் என்ற பிராணியை விரட்ட வைத்திருந்த பழைய கார்பைனை டார்வின் எடுத்துக்கொண்டார். அதன் குழாயில் தட்டச்சுப்பொறிக் கம்பெனியின் பெயர்; அவரிடம் ஏற்கெனவே உள்ளதுதான். விலை ஈடாகாதென்று மீன்பிடிப் படகையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அந்தப் படகில் பாதி நாள் உட்கார்ந்திருப்பவன் நான்.

ஓப்பல் கொட்டகைத் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். "இது யார் செஞ்சதுங்கறே, கண்ணு?"

"தட்டச்சுப்பொறிக்காரங்க. குழாயிலேயே போட்டிருக்கே."

"குழாயிலயா! குழாயை மாத்திக்கிட்டே இருப்பாங்கய்யா. உடம்புல என்ன போட்டிருக்கு?"

"அது தெரியலையே. பின்னாடி வச்ச குறிகாட்டி மறைச்சிருக்கு."

போருக்குப் பின் படைக்கிடங்குகளில் குறி பார்க்க உதவும் பெரிய குறிகாட்டியை மாட்டியபோது, உடம்பில் பொறித்த பெயர் அதன் அடியில் போய்விட்டது. ஓப்பல் சின்ன விளக்கை அடித்து, கன்னம் இரும்பில் படக் குனிந்து இடுக்கில் பார்த்தார். நிமிர்ந்ததும் சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார்.

"ஏய் கார்ல், இங்க வா! ஊர் ஊரா ராக்-ஓலா தேடின பெரிய மனுஷன், அதையே கொட்டகையில போட்டு ரக்கூன் விரட்டியிருக்கான்!"

டார்வின் விளக்கைப் பிடுங்கிக் குனிந்தார். இடுக்கில் ராக்-ஓலாவின் கடைசி இரண்டு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. காது வரை சிவந்துவிட்டது அவருக்கு.

"சொல்லாம வாங்கிக்கிட்டிருக்கலாமே, ஓப்பல்?"

"வாங்கியிருக்கலாம். ஆனா இந்த மூஞ்சியைப் பாக்கக் கிடைச்சிருக்காதே. போ, எனக்குச் செர்ரிப் பழப் பலகாரம் வாங்கிட்டு வா. ரெண்டு துண்டு."

மூன்று துண்டு வாங்கினார். படகு பிழைத்த சந்தோஷத்தில் காப்பி என் செலவு.

மாலையில் நான்காவது கொக்கியும் நிறைந்தது. லோர்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எண்ணினாள்.

"ஒண்ணு வந்திருக்கு. எது போச்சு?"

"எதுவும் போகலை. எதுவும் வரவும் இல்லை. நம்ம கொட்டகையில இருந்ததுதான்."

அவள் கிட்டே போய் முகர்ந்து பார்த்தாள். மாட்டுச்சாண வாடை.

"சரி, இருக்கட்டும். ரக்கூனை இனிமே யார் விரட்டறது?"

டார்வின் என்னைப் பார்த்தார்.