4417-ஆம் எண் அழுத்தமானி

எங்கள் வட்டாரத்தில் பாய்லர், கேஸ் சிலிண்டர், பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரியின் ஒரே லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு ஆய்வாளன் நான் ஒருவன்தான். ஏழு வருஷமாயிற்று. முட்டி இரண்டும் போய்விட்டன. எங்கள் மலைநகரமான நாரின் பக்கத்துப் பாய்லர் அறைகள் எல்லாம் பாதாளத்தில் இருக்கும். ஒன்றில் இறங்கி ஏறினாலே எனக்கு அன்றைய வேலை முடிந்தது. வருவதைப் பத்து நாள் முன்னதாகக் கடிதத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். திருடனுக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காவலுக்குப் போகிற உத்தியோகம்.

அந்த வியாழக்கிழமை பாலர் பள்ளியின் முறை. பாய்லரில் அழுத்தமானி பளபளத்தது. சோதனைக்கூடத்தின் ஈய முத்திரையும் இருந்தது. மானிக்கு மானி மாறும் அதன் எண்ணை எழுதினேன்: 4417. பேனா நின்றுவிட்டது. முந்தின நாள் பொதுக் குளியல் கூடத்தில் எழுதியதும் அதே எண்தான். பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். போன வருஷம் குளியல் கூடம், பாலர் பள்ளி, ஆஸ்பத்திரி மூன்றிலும் 4417. அதற்கு முந்தின வருஷமும் அப்படியே. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து. எழுதினேனே ஒழிய ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

காவலாளியைக் கேட்டேன். காலையில் மெலிஸ் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனதாக அவன் சாதாரணமாகச் சொன்னான். எங்கள் ஊரில் விருந்துச் சோற்றுக் கொப்பரை வீடு வீடாகப் போய்வரும். இரவல் கேட்டு இல்லையென்றால் அவமானம். அழுத்தமானியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

மெலிஸ் குளியல் கூடத்தில் கரி போடுகிறவர். வியாழன் அங்கே பெண்கள் நாள். வீட்டில் குளியலறை இல்லாத பாதி ஊர் இப்போது அந்தப் பாய்லருக்கு மேலேதான் குளித்துக்கொண்டிருக்கும். முட்டியை மறந்து ஓடினேன்.

மானி இருந்த இடத்தை அடைப்பான் போட்டு மூடியிருந்தார்கள். அழுத்தம் மீறினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வு சொட்டுகிறது என்று அதன் நெம்புகோலில் டிராக்டர் இரும்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புதன்கிழமை நான் வந்தபோது அது இல்லை. மெலிஸ் குழாயில் காதை வைத்து நின்றார்.

"குழாய் முனகுறதுலயே எனக்குத் தெரிஞ்சுடும். இருவது வருஷமா காதாலதான் ஓட்டுறேன்" என்றார்.

"காது மந்தம்னு போன மாசம் சர்டிஃபிகேட் வாங்கினது யாரு?"

நெருப்பை வாரி வெளியே கொட்டச் சொன்னேன். கூடத்தை நடத்தும் ஷாயிர் மேலிருந்து இறங்கி வந்தாள். முப்பது பேர் தலையில் சோப்போடு நிற்கிறார்கள், ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டாள். ஒரு நிமிஷம்கூட முடியாது என்றேன். மெலிஸ் கரியை வார ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றினீர்களே என்று நான் ஷாயிரிடம் கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே திகைத்துப் போனாள்.

"உங்களுக்குத் தெரியும்னுதானே அண்ணே நெனச்சோம்? புதன் எங்களுக்கு, வியாழன் புள்ளைங்களுக்கு, வெள்ளி ஆஸ்பத்திரிக்கு. கழட்டி மாட்ட நேரம் விட்டுத்தானே வர்றீங்க? நல்ல மனுஷன்னு ஊரே உங்கள வாழ்த்துது."

அவளே தொடர்ந்தாள்.

"முன்னாடி இருந்தவரு மூணையும் ஒரே நாள்ல பாத்துடுவாரு. அப்ப மூணு மீட்டர் இருந்துச்சு. நீங்க வந்தப்புறம் ஒண்ணு ஒடஞ்சுது, நாளுக்கு ஒரு எடம்தானேன்னு புதுசு வாங்கல. அப்புறம் இன்னொண்ணும் போச்சு."

கரிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வருஷக்கணக்காக அந்தப் பெண்களை நான் எதன்மேல் நிற்க வைத்திருந்தேன்? மேலே தண்ணீர் ஆறியதும் கூச்சல் கிளம்பியது. ஈரத் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் பனிக்குள் போனார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகக் குனிந்து, என் பெண்டாட்டி இனி எங்கே தலைக்குக் குளிப்பாள் என்று பார்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாய்லருக்கு முத்திரை வைத்தேன். அறிக்கைத் தாளில் 'குறைபாட்டுக்குக் காரணமானவர்' என்று ஒரு கட்டம் உண்டு. கரி போடுகிறவரின் பெயரை எழுதுவதுதான் வழக்கம். எழுதினால் அவர் வேலை போய்விடும்.

"எழுதுங்க. எனக்கும் வயசாச்சு" என்றார் மெலிஸ்.

கட்டத்தில் என் பெயரை எழுதி, பதவியையும் எழுதினேன். பிறகு மானி இல்லாத ஆஸ்பத்திரி பாய்லரைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல், அன்றைக்கே கிளம்பினேன்.