பக்கம் திருப்ப ஓர் ஆள்

பக்கவாதம் வந்து போன பிறகு, ஓவிய ஆசிரியைக்கு வலது கட்டைவிரலைத் தவிர இரண்டு கையிலும் எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. மின்னூல் கருவியை யாராவது மடியில் சாய்த்து வைத்துவிட்டால் போதும், ஓரத்துப் பொத்தானில் அந்த விரலை ஊன்றி அழுத்தி அழுத்தி நாளெல்லாம் படிப்பாள். புருஷன் பேச வந்தால், "இந்தப் பக்கம் முடியட்டுங்க" என்பாள். அது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் தொடுதிரைக் கருவி ஒன்றை வாங்கி வந்து அவள் மடியில் வைத்தான். பொத்தானே கிடையாது, வழவழவென்று இருந்தது, எடையும் பாதிதான். அவள் திரையில் விரலை வைத்தாள். வைத்த விரலைத் தூக்க வரவில்லை. பக்கங்கள் தாறுமாறாக ஓடின.

"எனக்குப் பழசே போதுங்க. அதுல அழுத்தினாத்தான் நகரும்."

"அதை என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். உனக்கென்ன கவலை? ஒரு குரல் குடு, நான் வந்து திருப்பி விடறேன்."

முதல் தடவை கூப்பிட்டதும் ஓடி வந்தான். அடுத்த தடவை டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு கூப்பிட்டபோது டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

சாயங்காலம் கதவோரம் வந்து நின்றான். "என்ன, அப்புறம் கூப்பிடவே இல்லையே?"

"படிச்சிட்டுதான் இருக்கேன்."

அவன் எட்டிப் பார்த்தான். காலையில் திருப்பி வைத்த அதே பக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்து, தன் ஆபீஸ் கதையை ஆரம்பித்தான்.